ஒரு பாத்தி, பன்னிரண்டு மாதம்

மாசி பிறந்ததும் மல்லிகைச் செடி மொட்டு வைக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்து விலை சரியும். அதே பூ மார்கழியில் அரிதாகிவிடும். கிடைத்தாலும் முழத்தின் விலை கேட்டுத் திரும்பிவர வேண்டியிருக்கும். சாமந்தி இதற்கு நேர்மாறு. ஆனியில் நட்ட செடி கார்த்திகை, மார்கழியில் பூத்துத் தள்ளும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வைத்து, ஒரே கிணற்று நீரைப் பாய்ச்சி, ஒரே எருவைப் போட்டாலும் இந்த வேறுபாடு மாறாது.

வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இந்த இரண்டு பூக்களும் ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கின்றன. குளிர்நாடுகளில் தோட்டத்தின் ஆண்டை முடித்துவைப்பது உறைபனி. தமிழ்நாட்டின் சமவெளியில் உறைபனி கிடையாது. எந்த மாதம் விதை போட்டாலும் முளைக்கும். அதனால் எந்தக் காயையும் எப்போதும் விளைவிக்கலாம் என்று தோன்றும். ஆனால் பங்குனியில் நட்ட தக்காளி தழைத்து வளர்ந்து, பூத்து, பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். மாசியில் போட்ட பந்தல் அவரை பந்தல் முழுக்க இலையாகப் படர்ந்து, பூவே எடுக்காமல் மாதங்களைக் கடத்தும். முளைக்க வைப்பது எளிது. காய்க்க வைப்பதற்குத்தான் காலம் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் அந்தக் காலத்தை வகுப்பவை மூன்று: இரவு எவ்வளவு நீளம், இரவு எவ்வளவு சூடு, வேரைச் சுற்றி எவ்வளவு நீரும் காற்றும். இந்த மூன்றும் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. எந்த மாதத்தில் எது மாறுகிறது என்று தெரிந்தால், பத்துச் சதுர மீட்டர் இடத்தில்கூட ஆண்டின் எல்லா வாரமும் ஏதாவதொன்றைப் பறிக்கலாம். நம் உழவர்கள் கணக்குப் பார்க்கும் ஆடியிலிருந்தே தொடங்குவோம்.

ஆடி: விதைப்பின் மாதம்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழிக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கின்றன. கோடையின் உக்கிரம் தணிந்து, தென்மேற்குப் பருவக்காற்றின் மேகங்கள் வானத்தை மூடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை பெருமழையைத் தடுத்துக்கொண்டாலும், மாலை வேளைகளில் அவ்வப்போது தூறல் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டத் தொடங்க இன்னும் இரண்டு, மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் செடி ஆழமாக வேர்விட்டு, மழையைத் தாங்கும் பருவத்தை அடைந்துவிடும்.

இரண்டாவது காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய மண் ஆய்வாளர் பர்ச், நன்றாகக் காய்ந்த மண்ணை நனைத்தால் என்ன நடக்கிறது என்பதை 1958இல் விளக்கினார். காய்ந்த காலத்தில் மண்ணின் நுண்ணுயிர்களில் ஒரு பகுதி செத்துப்போகிறது. மண்கட்டிகளுக்குள் பொதிந்திருந்த மட்கும் வெளிப்படுகிறது. முதல் மழை விழுந்ததும், பிழைத்திருக்கும் நுண்ணுயிர்கள் இவற்றையெல்லாம் தின்று பெருகுகின்றன. அந்தச் சில நாள்களில் தழைச்சத்து வழக்கத்தைவிட மிக அதிகமாக வெளிவருகிறது. கோடை உழவு செய்து நிலத்தை வெயிலில் காயவிட்டு, முதல் மழையோடு விதைத்த நம் முன்னோர் இந்தச் சத்தைத்தான் அறுவடை செய்தார்கள். வீட்டிலும் இதைச் செய்யலாம். ஆனியில் ஒரு பாத்தியைக் கொத்திக் காயவிடுங்கள். மழை விழுந்த கையோடு விதையுங்கள். வெறுமனே விட்டால், வெளிவந்த சத்து அடுத்த மழையில் கரைந்து கீழே இறங்கிவிடும்.

மூன்றாவது காரணம்தான் வியப்பானது. ஆனி 7ஆம் தேதி வாக்கில், அதாவது ஜூன் 21 அளவில், பகல் தன் உச்ச நீளத்தை அடைகிறது. அதன் பிறகு நாளுக்கு நாள் பகல் குறைந்து இரவு நீள்கிறது. இலண்டனில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்பது மணி நேர வேறுபாடு உண்டு. சென்னையில் அது சுமார் ஒன்றரை மணி நேரம். நாகர்கோவிலில் ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு சிறிய மாற்றத்தை நாம் உணர்வதில்லை. செடி உணர்கிறது.

அமெரிக்க வேளாண் துறையின் கார்னர், அல்லார்டு என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்ததற்கு ஒரு புகையிலைச் செடி காரணம். 'மேரிலாண்ட் மம்மத்' என்ற அந்த ரகம் கோடை முழுக்க ஆளுயரம் தாண்டி வளர்ந்துகொண்டே இருக்கும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தால் சிறு செடியாக இருக்கும்போதே பூத்துவிடும். ஒரு சோயா ரகமும் அவர்களைக் குழப்பியது. வாரக்கணக்கில் இடைவெளி விட்டு விதைத்தாலும், எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பூத்தன. 1918இல் அவர்கள் இருட்டறை ஒன்றைக் கட்டி, கோடையிலேயே செடிகளை மாலையில் சீக்கிரம் உள்ளே வைத்துக் காலையில் தாமதமாக வெளியே எடுத்தார்கள். பகல் சுருங்கியதாக நம்பிய செடிகள் பூத்தன. 1920இல் அந்த முடிவு வெளியானது.

செடி உண்மையில் அளப்பது பகலைக்கூட அல்ல, இரவை. 1938இல் ஹாம்னர், பான்னர் இருவரும் மருளூமத்தைச் செடியை வைத்து இதை நிறுவினார்கள். நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டால் போதும். அந்த இரவு கணக்கில் சேராது, செடி பூக்காது. இலையில் உள்ள ஃபைட்டோகுரோம் என்னும் நிறமி சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கும், இருட்டில் மெல்ல மற்றொரு வடிவத்துக்கும் மாறுகிறது. செடியின் உள்கடிகாரமும் இந்த நிறமியும் சேர்ந்து இரவின் நீளத்தைச் சொல்கின்றன. வெப்பமண்டலத்தில் இந்த உணர்வு இன்னும் கூர்மையானது. பகல் நீளம் அரை மணி நேரம் குறைந்தாலே பூக்கத் தொடங்கும் மரங்கள் உண்டு என்று ரிவேரா, போர்ச்செர்ட் என்ற ஆய்வாளர்கள் 2001இல் காட்டினார்கள்.

சாமந்தியும் பந்தல் அவரையும் இப்படி நீண்ட இரவுக்குக் காத்திருப்பவை. ஆடியில் போட்ட அவரை, இரவு நீள நீளப் படர்ந்து, பனிக்காலத்தில் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். மாசியில் போட்டாலும் அது காத்திருப்பது அதே இரவுகளுக்காகத்தான். ஆண்டு முழுக்க அவரைக்காய் வேண்டும் என்றால், இரவின் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்களைப் போட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அப்படிப்பட்ட ரகங்களை வெளியிட்டிருக்கிறது. தெருவிளக்கு நேராக விழும் இடத்தில் பந்தல் அவரை போடுவதையும் தவிர்க்கலாம். சாமந்தி பூப்பதைத் தள்ளிப்போட விவசாயிகள் வயலில் இரவில் பல்பு எரியவிடுவது உண்டு. தெருவிளக்கு அதே வேலையை உங்கள் அவரைக்குச் செய்துவிடக்கூடும்.

கொடிக்காய்களுக்கும் ஆடி உகந்தது. பூசணி, பீர்க்கு, பாகல், புடலை, சுரை ஆகியவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பகல் நீண்டு வெப்பம் மிகுந்தால் ஆண் பூ கூடும். இரவு நீண்டு குளிர்ந்தால் பெண் பூ கூடும். பெண் பூ இருந்தும் பிஞ்சு வெம்பி விழுந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஒரு ஆண் பூவைப் பறித்து அதன் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவிவிடலாம். அதற்கும் நேரம் இருக்கிறது. பூசணி விடியலில் விரிந்து முற்பகலுக்குள் சுருங்கும்; பீர்க்கும் சுரையும் புடலையும் மாலையிலும் இரவிலும் விரிபவை.

ஐப்பசி: வேருக்கு மூச்சு வேண்டும்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் பெய்கிறது. சென்னையில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். தோட்டம் போடுகிறவர்களைப் பெரிதும் குழப்பும் காட்சி இந்த மாதங்களில்தான் நடக்கும். நீரில் நின்றுகொண்டே செடி வாடும்.

வேரும் மூச்சு விடுகிறது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்துதான் அது ஆக்சிஜனை எடுக்கிறது. மழைநீர் அந்த இடைவெளிகளை நிரப்பிவிட்டால், ஆக்சிஜன் நீருக்குள் ஊடுருவித்தான் வேரை அடைய வேண்டும். காற்றில் ஊடுருவும் வேகத்தைவிட நீரில் அது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகச் செல்லும். மூச்சு முட்டிய வேர் வேலையை நிறுத்துகிறது; நீரை உறிஞ்சி மேலே அனுப்ப அதனால் முடிவதில்லை. அதனால்தான் இலை தொங்குகிறது. அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றினால் செடி போய்விடும்.

ஆகவே ஐப்பசிக்கு முன்பே பாத்தியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி மேட்டுப்பாத்தியாக்குங்கள். மாடியில் தொட்டி, பைகளின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். செங்கல் வைத்துத் தூக்கி வையுங்கள். நாற்றை மழையில் விடாதீர்கள். தண்டின் அடி கருத்து நாற்றுச் சாயும் நாற்றழுகல் நோய் ஈரம் தேங்கும் மண்ணில்தான் பரவுகிறது. விதைக்கும் முன் மண்ணில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைத் தொழுவுரத்தோடு கலந்து போட்டால் அது நோய்ப்பூஞ்சணத்தை அடக்கும்.

ஈரத்தை விரும்பும் செடிகளும் இருக்கின்றன. பொன்னாங்கண்ணி, வல்லாரை, வள்ளல்கீரை, சேம்பு ஆகியவற்றைத் தாழ்ந்த பக்கத்தில் வையுங்கள். இவற்றில் பல, தண்டிலும் வேரிலும் காற்றுக்குழாய்களை அமைத்துக்கொண்டு, இலையிலிருந்து வேருக்கே ஆக்சிஜனை இறக்குகின்றன. தக்காளிக்கு அந்த வசதி போதாது. கத்தரி அதைவிட ஈரம் தாங்கும். மழைக்கால வெள்ளத்தைச் சமாளிக்கக் கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையைத் தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பரப்பிவருகிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஒட்டு பிடிக்கும். பென்சில் பருமனுக்கும் குறைந்த நாற்றுகளில், கூரான பிளேடும் சிறு கிளிப்பும் இருந்தால் வீட்டிலேயே முயன்று பார்க்கலாம்.

மார்கழி: குளிர்ந்த இரவின் கொடை

மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழி, தை மாதங்கள் நம் தோட்டத்தின் பொற்காலம். சென்னையின் இரவு வெப்பம் மே மாதத்தில் சுமார் 28 டிகிரி செல்சியஸ். ஜனவரியில் சுமார் 21. உள்மாவட்டங்களில் இன்னும் குறையும். இந்தச் சில டிகிரிகளில்தான் தக்காளியின் விதி இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர், வெப்பத்தைக் கட்டுப்படுத்தக்கூடிய கூடங்களில் தக்காளியை வளர்த்து, அது காய்ப்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இரவின் வெப்பமே என்று 1944இல் வெளியிட்டார். இரவு 15 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் காய் பிடித்தது. அதற்கு மேலே போகப் போகக் குறைந்தது. செடி பகலில் சர்க்கரை தயாரிக்கிறது. இரவில் தன் உயிர்ப்புக்காக அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்தச் செலவு ஏறக்குறைய இரு மடங்காகும். சூடான இரவில் சேமிப்பெல்லாம் மூச்சிலேயே கரைந்துபோக, பூவுக்கும் பிஞ்சுக்கும் மிஞ்சுவது குறைவு. மகரந்தமும் வெப்பத்தில் கெடும். பூ விரிவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு, மகரந்தம் உருவாகும் கட்டத்தில்தான் சேதம் அதிகம். ஆகவே இன்று உதிரும் பூவுக்குக் காரணம் இன்றைய வெயிலாக இருக்க வேண்டியதில்லை. போன வாரத்து வெயிலாக இருக்கலாம். நுண்ணூட்டம் வாங்கித் தெளிப்பதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கணக்கைப் பின்னோக்கிப் போட்டால் விதைக்கும் தேதி கிடைக்கும். தையில் பூக்க வேண்டிய தக்காளியைப் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசியிலோ கூரைக்குக் கீழே நாற்றுவிட்டு, கார்த்திகையில் மழை இடைவெளி பார்த்து நட வேண்டும். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல் போன்றவற்றுக்கும் சமவெளியில் இதுவே பருவம். கொத்தமல்லியும் இப்போதுதான் இலை கொடுக்கும். வெயில் ஏறினால் அவசரமாகப் பூவெடுத்து விதைக்குப் போய்விடும். மல்லி விதையாக நாம் காண்பது இரண்டு பாதிகள் ஒட்டிய காய். அதைப் பலகையில் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் சீராக முளைக்கும்.

பனிக்காலத்தின் தொல்லை, கொடிகளின் இலையில் மாவு தூவியதுபோல் படியும் சாம்பல் நோய். மற்ற பூஞ்சணங்களைப்போல இலை நனைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதற்கில்லை. அதனால் மழையில்லாத குளிர்நாளிலும் பரவுகிறது. பிரேசில் ஆய்வாளர் பெட்டியோல், நீர் கலந்த பசும்பாலைச் சீமைச் சுரையில் தெளித்து, அது பூஞ்சணக்கொல்லிக்கு இணையாக இந்நோயைக் கட்டுப்படுத்தியதை 1999இல் வெளியிட்டார். ஒன்பது பங்கு நீரில் ஒரு பங்கு பால் கலந்து, வெயில் படும் காலையில் வாரம் இருமுறை தெளித்துப் பார்க்கலாம்.

சித்திரை: வெயிலை உண்ணும் கீரைகள்

பங்குனி முதல் கத்திரி வெயில் முடியும்வரை பலர் தோட்டத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். இந்த மாதங்களில்தான் கீரை நமக்குக் கைகொடுக்கிறது. பாலக் கீரை வெயிலில் சுணங்கும்போது, முளைக்கீரையும் தண்டுக்கீரையும் அரைக்கீரையும் செழிக்கும். இந்த வேறுபாடு இலைக்குள் நடக்கும் வேதியியலில் இருக்கிறது.

கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரையாக்கும் ருபிஸ்கோ என்ற நொதி, சில நேரம் தவறுதலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். வெப்பம் ஏற ஏற இந்தத் தவறு கூடுகிறது. பிடித்த கரியில் கால் பங்குவரை வீணாகலாம். நெல், தக்காளி, பாலக் எல்லாம் இந்த இழப்பைச் சுமப்பவை. கரும்பில் வேறொரு வழி இருப்பதை ஆஸ்திரேலியாவின் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் 1966இல் தெளிவுபடுத்தினார்கள். கரியமில வாயுவை முதலில் நான்கு கரியணுக்கள் கொண்ட அமிலமாக மாற்றி, இலையின் உள்ளறைகளுக்கு அனுப்பி, அங்கே ருபிஸ்கோவைச் சுற்றிச் செறிவாக விடுவிக்கிறது கரும்பு. ஆக்சிஜனுக்கு இடமே இல்லாமல் போகிறது. கரும்பும் சோளமும் கொண்ட இந்த அமைப்பு நம் தண்டுக்கீரை இனத்துக்கும் பருப்புக்கீரைக்கும் உண்டு. இலைத்துளைகளை அதிகம் திறக்காமலே வேலை நடப்பதால் ஒவ்வொரு சொட்டு நீருக்கும் இவை தரும் விளைச்சல் கூடுதல். முளைக்கீரையை மூன்று, நான்கு வாரத்தில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ள அது துளிர்த்துக்கொண்டே இருக்கும்.

வெண்டை, கொத்தவரை, காராமணி மூன்றும் கோடைக்குத் துணைநிற்கும் காய்கள். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாக மாறினால் அது வெள்ளை ஈ கொண்டுவரும் தேமல் நோய். மருந்து கிடையாது, அந்தச் செடியை உடனே பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்றவற்றைக் காக்கும் வழி. முருங்கைக்கும் இதுவே காலம். மழையில் பூவை உதிர்க்கும் முருங்கை, வறட்சியில் பூத்துக் காய்க்கும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 ரகத்தை விதையிலிருந்தே வளர்க்கலாம்.

கோடையில் எவ்வளவு தண்ணீர் தேவை? நன்கு மூடி வளர்ந்த பாத்தி, மே மாதத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 6, 7 லிட்டர் நீரை வெளியேற்றும்; மார்கழியில் அதில் பாதி. பத்துச் சதுர மீட்டருக்கு 60, 70 லிட்டர். தண்ணீர்ப் பஞ்சமுள்ள வீட்டில் இது சிறிய அளவு அன்று. காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் மட்டை எதையாவது நான்கு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் மண்ணிலிருந்து நேரடியாக ஆவியாகும் பகுதி பெருமளவு குறையும்; வேரும் சுடாது. அரிசி, காய்கறி கழுவிய நீரை வாளியில் சேர்த்து மாலையில் ஊற்றுங்கள். மாடியில் தொட்டியின் பக்கச்சுவரில் நேர்வெயில் படாதபடி நெருக்கி வைத்து, மேலே நிழல்வலை கட்டுங்கள்.

தொடர்ச்சியும் விதையும்

பருவம் தெரிந்தவர்களும் ஒரே நாளில் பாக்கெட் முழுவதையும் விதைத்து, ஒரு வாரம் தின்னத் தீராத கீரையும் அடுத்த மாதம் வெறும் பாத்தியுமாக நிற்பது உண்டு. கீரையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு கைப்பிடி அளவு விதையுங்கள். வெண்டையை மாத இடைவெளியில் ஐந்தாறு செடிகளாகப் போடுங்கள். ஒரு பாத்தியில் காய் ஓயும் முன் அடுத்த பயிரின் நாற்று தயாராக இருக்கட்டும். தக்காளி நின்ற இடத்தில் கத்தரியும் மிளகாயும் வேண்டாம். ஒரே குடும்பம் என்பதால் மண்ணிலுள்ள நோயும் பொது. அங்கே அவரையோ காராமணியோ வந்தால், அவற்றின் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக்கொடுக்கும்.

எப்போதும் ஏதாவதொன்று பூத்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. 2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று தோட்டம் தோட்டமாகப் பரவியது. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து விட்டார்கள். அவற்றில் கண்ணுக்கே எளிதில் தெரியாத அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டுப் பெருகி அதை அடக்கியது. இப்படிப்பட்ட குளவிகள் உயிர்வாழத் தேன் தேவை. ஆழமில்லாத சிறு பூக்களில்தான் அவற்றுக்கு அது எட்டும். விதைக்குப் போன கொத்தமல்லியைப் பிடுங்காமல் நான்கைந்து செடி விட்டுவைத்தால் குளவிக்கும் பொறிவண்டுக்கும் உணவு கிடைக்கும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதானாலும் மாலையில் தெளியுங்கள்; அதன் வேதிப்பொருள் வெயிலில் விரைவில் சிதையும்.

கடைசியாக விதை. தக்காளி, கத்தரி, அவரை, காராமணி போன்றவை பெரும்பாலும் தம் மகரந்தத்தாலேயே காய்ப்பவை. நாட்டு ரகமாக இருந்தால், எடுத்து வைத்த விதை தாய்ச்செடியைப்போலவே வரும். வீரிய ஒட்டு ரகத்தின் விதை அப்படி வராது. விதையின் ஆயுளுக்கு ஹாரிங்டன் என்ற ஆய்வாளர் ஓர் எளிய கணக்கு சொன்னார்: ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் ஐந்து டிகிரி குறைந்தாலும் இரட்டிக்கும். சாம்பலில் புரட்டிக் காயவைத்து மண்கலத்தில் மூடி வைத்த நம் பாட்டிமார்கள் முதல் பாதியைக் கச்சிதமாகச் செய்தார்கள். நன்றாக உலர்த்தி, காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, குளிர்சாதனப்பெட்டியில் வைத்தால் இரண்டாவது பாதியும் சேரும்.

எந்தச் செடியின் விதையை எடுப்பது என்பதில்தான் தோட்டக்காரரின் கை இருக்கிறது. பங்குனி வெயிலிலும் பூவை உதிர்க்காமல் நான்கு காய் பிடித்த தக்காளிச் செடி ஒன்று உங்களிடம் இருந்தால், முதலில் பழுத்ததைக் குழம்புக்குப் போடாமல் விதைக்கு விடுங்கள். கார்த்திகை மழையில் நோயில்லாமல் நின்ற கத்தரிக்கும் அதையே செய்யுங்கள். எந்தத் தேதியில் விதைத்தது, எப்போது பூத்தது, எப்போது ஓய்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். சில ஆண்டுகளில் அந்த நோட்டும் அந்த விதையும் எந்த வேளாண் கையேட்டையும்விட உங்களுக்குத் துல்லியமாக வழிகாட்டும். ஏனெனில் உங்கள் மாடியின் அனலையும் உங்கள் கிணற்று நீரின் உப்பையும் தாங்கிக் காய்த்தவை உங்கள் செடிகள்தான்.